கொச்சிக் கன்றுக்கு எந்தச் சாடி?
(சாகாமத்தில் உறுப்பினர் குடும்பங்களின் கூட்டத்தில் நாம் ஆற்றிய உரை)



சம்பளம், சேமலாப நிதி, லீவு என்று பேசுகிற இடத்தில் இன்று கொச்சிக் கன்று வளர்க்கும் சாடியைப் பற்றிப் பேசுகிறோம். இதுவும் சங்கத்தின் வேலைதான். நாம் அரைக்கும் செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. 2022 இல் டொலர் தட்டுப்பட்டபோது கறிச்சட்டிக்கு என்ன நடந்தது என்பதை உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. போராடி வாங்கிய சம்பள உயர்வு கடை வாசலிலேயே கரைந்தது.

இப்போது "காற்றிலே வேர் கத்தரிக்கும் சாடி" என்று விலை கூடிய சாடிகள் விற்கப்படுகின்றன. கடனுக்கு எடுக்கலாமா என்று உங்களில் பலர் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லவே வந்தோம்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். வழுவழுப்பான பிளாஸ்டிக் சாடியில் வேர் ஓடிச் சுவரில் முட்டும். போக வழியில்லாமல் சுற்றிச்சுற்றி வளரும். அந்தக் கன்றைக் கழற்றினால் மண் தெரியாது, வேர்ச்சுருள்தான் தெரியும். மண்ணில் நட்ட பிறகும் அந்தச் சுருள் இலேசில் விரியாது. தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்தவர்களுக்கு வேர் சுருண்ட கன்று எப்படி முடியும் என்பது தெரியும்.

சாடியின் சுவரில் துளைகள் இருந்தால் கதை வேறு. வேரின் நுனி துளைக்கு வந்து உலர்ந்த காற்றைத் தொட்டதும் காய்ந்து நின்றுவிடும். நுனி நின்றதும் பின்னாலிருந்து பக்கவேர்கள் பல கிளைக்கும். வேர் நிறைய இருந்தால் தண்ணீரும் பசளையும் நன்றாக ஏறும். இதற்குப் பெயர்தான் காற்று வேர்க்கத்தரிப்பு.

இது விலை கூடிய பொருளில் பிறந்த வித்தையல்ல. 1960களின் கடைசியில் அமெரிக்காவில் கார்ல் விட்கொம்ப் என்ற ஆய்வாளர் பால் பெட்டிகளின் அடியை வெட்டிவிட்டு, கம்பி வலைமேல் வைத்துக் கன்று வளர்த்தார். கேரளத்து ரப்பர் நாற்றுமேடைகளிலும் அடி திறந்த குவளைகளைச் சட்டத்தில் தொங்கவிட்டு இதே முறையில் கன்று வளர்க்கிறார்கள். வேலை செய்வது காற்று. காற்றுக்கு விலை இல்லை.

சரி, யாருக்கு எது வேண்டும்?

வளவில் நல்ல மண் உள்ளவர்களுக்குப் பெரிய சாடியே தேவையில்லை. கொச்சி நிலத்தில்தான் நன்றாக வரும். உங்களுக்கு வேண்டியது நாற்றுக்கு மட்டும். யோகட் கோப்பையின் அடியை வெட்டி எடுங்கள். ஒரு மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்து, நான்கு கல்லின்மேல் உயர்த்தி, கோப்பைகளை அதில் அடுக்குங்கள். வலைக்குக் கீழே காற்று ஓட வேண்டும். கோப்பையை நிலத்தில் வைத்தால் வேர் மண்ணுக்குள் இறங்கும், தூக்கும்போது அறுந்துவிடும். 25 முதல் 30 நாளில் கன்றை எடுத்து நடலாம்.

திருக்கோவில், தம்பிலுவில் பக்கம் கடற்கரை மணலில் இருப்பவர்களுக்கும், மலையகத்தில் லயன் வாசலைத் தவிர வேறு இடம் இல்லாதவர்களுக்கும் பெரிய சாடி வேண்டும். இவர்களுக்கு நாம் சொல்வது 25 கிலோ அரிசிப் பை. நெய்த பையின் இழைகளுக்கிடையே ஓரளவு காற்று புகும். வாயை வெளிப்பக்கமாக மடித்து ஒரு அடி உயரத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு கன்றுக்குத் தாராளம். உள்ளே பொலித்தீன் உறை இருந்தால் கழற்றிவிடுங்கள். அது இருந்தால் பையும் வழுவழுப்பான சாடியும் ஒன்றுதான். பக்கங்களில் சூடான கம்பியால் துளை போட்டால் இன்னும் நல்லது. வெயிலில் இந்தப் பை ஒரு போகம் தாங்கும், பிறகு உக்கிப்போகும். தூள்தூளாக உதிரும் முன் மாற்றிவிடுங்கள்.

உரப்பையானால் நன்றாகக் கழுவிய பிறகு எடுங்கள். பூச்சிமருந்து வந்த பையும் கானும் வேண்டாம். அதில் விளைவது பிள்ளைகள் சாப்பிடும் காய்.

விற்பனைக்கு வரும் துளைச்சாடி கெட்ட பொருள் என்று நாம் சொல்லவில்லை. பல வருடம் பாவிக்கலாம். காசு கையில் உள்ளவர் வாங்கட்டும். ஆனால் ஒரு கொச்சிக் கன்றுக்காக வட்டிக்கு எடுத்து வாங்க வேண்டிய பொருள் அது அல்ல.

ஒரு எச்சரிக்கை. காற்று வேரை மட்டும் காயவைப்பதில்லை, மண்ணையும் காயவைக்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் துளையுள்ள சாடி அரை நாளில் உலர்ந்துபோகும். காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். மேலே வைக்கோலோ தென்னஞ்சருகோ போட்டு மூடுங்கள். சாடிகளை நெருக்கமாக, வேலி மறைப்பில் வையுங்கள். மண்ணோடு மாட்டெருவும் தும்புத்தூளும் கலந்தால் ஈரம் நிற்கும். உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையின் தும்புத்தூளானால் நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசுங்கள். உங்கள் கிணறு உவர் என்றால், மாரி மழையைப் பீப்பாயில் பிடித்து நாற்றுக்காவது அதை ஊற்றுங்கள். கொச்சி உப்பைத் தாங்காது. தண்ணீர் சுமப்பது பெரும்பாலும் நம் பெண்கள். ஆகவே பத்துச் சாடி வைக்கும் முன், பத்துச் சாடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். ஆண்களும் வாளியைத் தூக்கட்டும்.

கடைசியாக ஒன்று. சாடி நிலத்துக்குப் பதில் அல்ல. "சாடியில் வளர்க்கலாமே, நிலம் எதற்கு?" என்று நாளை யாராவது கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள். தோட்டத்து மக்களுக்கு 7 பேர்ச் என்று சொல்லப்பட்டதே, அதிலும் காணி உறுதி கையில் வராத குடும்பங்கள் இன்னும் எத்தனை! சாடிக்குள் சுற்றிச்சுற்றி வரும் வேரைப் போல லயனுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சுற்ற வைக்கப்பட்டவர்கள் நாம். சாடியில் கொச்சி வளர்ப்போம். காணி உரிமையையும் கேட்போம். இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் பத்து யோகட் கோப்பை சேருங்கள். வலையையும் சட்டத்தையும் நான்கு வீட்டார் சேர்ந்து ஒன்றாக அடித்துக்கொள்ளுங்கள், செலவு குறையும். நல்ல காயில் விதை எடுத்தவர்கள் அயல் வீட்டுக்கும் ஒரு பிடி கொடுங்கள்.