நின்றுவிட வேண்டிய குண்டு

1986 ஏப்ரல் 11. அமெரிக்காவின் மயாமி நகருக்குத் தெற்கே ஒரு குடியிருப்புப் பகுதி. வங்கிக் கொள்ளையர் இருவர் சென்ற காரை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர் மறித்தார்கள். துப்பாக்கிச் சண்டை மூண்டது. கொள்ளையரில் ஒருவனான மைக்கேல் பிளாட் மீது 9 மி.மீ. குண்டு ஒன்று பாய்ந்தது. அது அவன் வலக்கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்து, இதயத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்பாக நின்றுவிட்டது. அந்தக் காயத்தோடு அவன் பிழைத்திருக்க முடியாது என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் குண்டு பட்ட பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். பெஞ்சமின் க்ரோகன், ஜெரி டவ் என்ற இரண்டு அதிகாரிகள் மாண்டார்கள். ஐந்து பேர் காயமடைந்தார்கள்.

தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர் எந்தத் தோட்டாவை வாங்குவது என்று யோசிக்கும்போது, அவருக்குக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி அந்த ஒரு காலைப்பொழுதிலிருந்து பிறந்ததுதான்.

திரைப்படத்தில் சுடப்பட்டவன் பின்னால் பறந்து விழுகிறான். கைத்துப்பாக்கிக் குண்டுக்கு அந்த வலு கிடையாது. சுடுகிறவர் கையில் உணரும் உதைப்பைவிடப் பெரிய உதைப்பை அது எதிரில் நிற்பவருக்குத் தர முடியாது. மூளையையோ தண்டுவடத்தையோ தொட்டாலொழிய, இரத்தம் வடிந்துதான் மனிதன் ஓய வேண்டும். இதயமே சிதைந்தாலும் மூளையில் மிஞ்சியிருக்கும் பிராணவாயுவைக் கொண்டு 10, 15 விநாடிகள் அவன் செயல்படலாம் என்று எஃப்.பி.ஐ. 1989-இல் எழுதிய ஆவணம் சொல்கிறது. ஆகவே குண்டு எவ்வளவு ஆழம் போகிறது என்பதே முதல் கேள்வி ஆயிற்று.

அதை அளக்க ஒரு வழி வேண்டும். இராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர், மிருகத் தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைப் பத்து சதவீதக் கரைசலாகக் காய்ச்சி, கட்டியாக உறையவைத்து அதில் சுட்டுப் பார்த்தார். தசைக்குள் குண்டு போகும் ஆழத்தை அது நன்றாகவே காட்டியது. அந்தக் கட்டியில் 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 18 அங்குலத்தைத் தாண்டுவதும் நல்லதல்ல என்று எஃப்.பி.ஐ. வரையறுத்தது. வெறும் கட்டியில் மட்டுமல்ல. தடித்த உடை, பலகை, சுவர் அட்டை, தகரம், கார்க் கண்ணாடி ஆகியவற்றை முன்னே வைத்தும் சோதிக்கிறார்கள். தோட்டா வாங்குகிறவர் பெட்டியில் அச்சிட்ட வேகத்தையும் விளம்பரப் பெயரையும் விட்டுவிட்டு, இந்தச் சோதனை முடிவைத்தான் கேட்க வேண்டும்.

மேல் வரம்பு எதற்கு? உடலைத் துளைத்து வெளியேறும் குண்டு அங்கேயே முடிந்துபோவதில்லை. பின்னால் யாரோ நிற்கிறார்கள். முழுதும் செம்புறை போர்த்திய குண்டு அப்படித்தான் ஊடுருவிப் போகும்; அது பயிற்சிக்கு உரியது. தற்காப்புக்கு விற்பது முனையில் குழியுள்ள ஹாலோ பாயின்ட். உடலுக்குள் போனதும் அதன் முனை விரியும், வேகம் குறையும், பெரும்பாலும் உள்ளேயே நிற்கும்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. விரியும் குண்டுக்கு நம் நாட்டோடு பழைய தொடர்பு இருக்கிறது. 1890-களில் கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் ஆங்கிலேயர் அதைச் செய்தார்கள். 1899-இல் ஹேக் மாநாட்டுப் பிரகடனம் போரில் அதற்குத் தடை விதித்தது. போரில் கூடாதது தெருவில் எப்படிக் கூடும் என்று கேட்பவரின் மனச்சாட்சியை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஜனநெரிசல் மிக்க நகரத்தில், ஒருவனைத் துளைத்து இன்னொருவர்மேல் பாயும் குண்டு அதைவிடக் கொடியது என்றே நினைக்கிறேன். நியூயார்க் காவல்துறையும் இதைச் சொல்லித்தான் 1998-இல் ஹாலோ பாயின்டுக்கு மாற முடிவெடுத்தது.

பெரிய குண்டுதான் நல்லது என்ற எண்ணமும் மயாமிக்குப் பிறகு ஓங்கியது. எஃப்.பி.ஐ. 10 மி.மீ.க்குப் போனது; அதன் உதைப்பு தாங்காமல் தோட்டாவின் வெடிமருந்தைக் குறைத்தது. பின்பு .40 அளவு வந்தது. கடைசியில் 2014-இல் அதன் பயிற்சிப் பிரிவு, குண்டின் அமைப்பு மேம்பட்டுவிட்டதால் 9 மி.மீ. போதும் என்று சொல்லிவிட்டது. உதைப்பு குறைந்தால் குறி தவறுவதும் குறையும். தவறிய குண்டு எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்?

இனி நம்பகம். குழிமுனைக் குண்டு எல்லாத் துப்பாக்கியிலும் ஒரே சீராக ஏறாது, சிலவற்றில் சிக்கும். ஆகவே வீட்டில் வைக்கப்போகும் அதே தோட்டாவை, அதே துப்பாக்கியில், அதே மேகசினில் இட்டுச் சுடுதளத்தில் நிறையச் சுட்டுப் பார்க்க வேண்டும். விலை அதிகம்தான். அந்தச் செலவில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஒரே தோட்டாவைத் தினமும் துப்பாக்கியின் சுடும் அறைக்குள் ஏற்றி இறக்கினால், குண்டு பித்தளைக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். உள்ளே இடம் குறைந்து, சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். ஒரு புதுத் தோட்டாவைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். குட்டையாகிவிட்டதைத் தள்ளிவிட வேண்டும். எண்ணெய் கசிந்து, தோட்டாவின் அடியில் தீ மூட்டும் ப்ரைமரில் இறங்கினாலும் தோட்டா வெடிக்காமல் போகலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்க வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் ஜிப்சம் அட்டை. அதைத் துளைக்கும்போது குண்டின் குழியில் ஜிப்சம் தூள் அடைத்துக்கொள்வதுண்டு. அப்படி அடைத்தால் முனை விரியாது. சாதாரணக் குண்டைப் போலவே அடுத்த அறைக்குப் போய்விடும். எந்த நிறுவனத்தின் தோட்டாவை வாங்கினாலும், குண்டு அந்தச் சுவரைத் துளைத்துப் போகும் என்பது மாறாது. எனவே வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர், அதைக் குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வைப்பதோடு, குழந்தைகள் எந்தச் சுவருக்குப் பின்னால் படுத்திருக்கிறார்கள், எந்தத் திசையில் ஒருபோதும் சுடக் கூடாது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருடனும் பகல் வெளிச்சத்தில் நடந்து பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும்.