பக்கத்தில் உட்காரும் பயிற்சி

'பள்ளிப் பிள்ளைகளுக்குத் தோழமையைப் பழக்குவது பத்திப் பேசுங்க'ன்னு கூப்பிட்டீங்க. நான் கவிதை எழுதுறவன், வங்கியில் கிளார்க். உபதேசம் வராது. பார்த்ததைச் சொல்றேன்.

உதவித்தொகைக்குக் கணக்குத் தொடங்க நம்ம பிள்ளைகள் கவுன்டருக்கு வருவாங்க. துணைக்கு ஒருத்தன் கூட வருவான். விசாரித்தால் ரெண்டு பேரும் ஒரே தெரு. ஆறு வருஷம் ஒரே வகுப்பில் படித்தும், ஊர்த்தெருவிலிருந்து துணைக்கு ஓர் ஆள் இல்லை.

அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத்துணியில் தனியே உட்கார்ந்து படித்தார். பியூன் வராத நாளில் அவருக்குத் தண்ணீர் இல்லை. இதை ஆயிரம் தடவை பேசிவிட்டோம். அந்த வகுப்பிலிருந்த மற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோமா? பக்கத்தில் ஒருவன் தாகத்தோடிருக்க, பார்க்காதது போல் இருக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? வீடும் ஊரும்தான். சாதி என்பதே ஒரு பயிற்சி. அதற்கு எதிர்ப்பயிற்சி வேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது தெரியும். சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்கூடம் போகாமல் நின்றான் ஒரு தலித் மாணவன். கேட்டபோது வாய் திறந்தான். வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக்கயிற்றுக்குத் தடை, அகரவரிசையில் இருக்கை, எல்லாச் சமூகத்து மாணவர்களையும் சேர்த்துச் சமூகநீதி மாணவர் படை என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. சரி, அந்தப் பிள்ளைகளுக்கு எதைப் பழக்குவது?

மூன்று சொல்றேன். ஒருத்தன் நாலு நாள் வரலைன்னா அவன் வீடு தேடிப் போறது. சேரிக்குள்ள போய், அந்த வீட்டுத் தண்ணிய வாங்கிக் குடிக்கிறது. சாதி சொல்லிக் கேலி பண்ணும்போது சிரிக்காமலிருப்பது. சிரிப்பு நின்றால் கேலி பாதி செத்துப்போகும். புகார் சொல்லப் போகிறவனோடு கூடப்போய் நிற்பது. ஒருவன் சொன்னால் அவன் காட்டிக்கொடுத்தவன். வகுப்பே சொன்னால் யார்மேல் அரிவாளை வீசுவது?

அதற்காகக் காவல் வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டக்கூடாது. சொன்னவனைப் பாதுகாப்பது ஆசிரியர் கடமை. 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கையிலெடுப்பது நம் கடமை. நம் பிள்ளையிடம் 'அனுசரிச்சுப் போப்பா' என்பது தோழமைப் பயிற்சி ஆகாது. பயிற்சி தேவைப்படுவது ஊர்ப்பிள்ளைக்கு.

ஆகவே தோழர்களே, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஓர் ஊர்த்தெரு ஆசிரியரைக் கூட்டிக்கிட்டு வாங்க. நமக்குள்ளேயே பேசிக் கலைஞ்சது போதும்.