பழைய வீட்டு விளக்குகள்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விளக்கைப் பற்றிய பேச்சு என்றதும் ஞான விளக்கைப் பற்றிச் சொல்லப்போகிறோம் என்று சிலர் எண்ணி வந்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும். நாம் சொல்ல வந்தது கூரையில் தொங்கும் பித்தளை விளக்கையும் அதனுள் ஓடும் கம்பியையும் பற்றியே.

சென்ற விடுமுறையில் பள்ளிமுனையிலுள்ள அம்மம்மா வீட்டைப் பழுதுபார்க்க உடன்பிறந்தார் மூவரும் சென்றிருந்தோம். 19 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள பெருக்கமரத்தைப் பார்க்க வெளியூரார் அங்கே வருகின்றனர். அயலிலுள்ள எங்கள் வீட்டுச் சுவரை ஏறிட்டுப் பார்ப்பார் எவருமில்லை! மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்கள் 103.5 மெகாவாற்று வரை மின்சாரம் தரவல்லவை. அத்தகைய தீவிலேதான், எந்த ஆண்டில் இழுத்தார்கள் என்று அம்மம்மாவுக்கே நினைவில்லாத கம்பிகளில் அந்த வீடு எரிந்துகொண்டிருந்தது.

முதல்நாளே ஆபத்து வந்தது. பெரியண்ணா ஆளியை அணைத்துவிட்டுத்தான் ஏணியில் ஏறினார். மின்குமிழைக் கழற்றி, அதன் பிடியில் விரல் வைத்ததும் தூக்கி எறியப்பட்டார். கீழே சீமெந்துத் தரை. முழங்கைச் சிராய்ப்போடு தப்பியது தெய்வாதீனம் என்றே சொல்ல வேண்டும். முன்னொருகாலம் வேலை செய்த எவரோ ஆளியை உயிர்க்கம்பியில் வைக்காமல் நொதுமல் கம்பியில் வைத்துவிட்டார். அப்படி வைத்தாலும் விளக்கு அணையும்; ஆனால் மின்சாரம் பிடிவரைக்கும் வந்து காத்துக்கொண்டிருக்கும். பாதிரிமார் பாடசாலையில் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார்கள். பரீட்சையில் நாமும் பிழையின்றி எழுதிப் புள்ளி பெற்றோம். ஏணியில் ஏறும்போது ஒருவருக்கும் அது நினைவு வரவில்லை.

அதன்பின் பிரதான ஆளியை அணைத்து, உருகியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டோம். பட்டணத்திலிருந்து தகுதிபெற்ற மின் வேலைகாரர் ஒருவரையும் அழைத்தோம். அவர் தம் சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு எங்கள் வீட்டில் வைத்து, மறுபடியும் முதலிடத்தில் வைத்துப் பார்த்தார். கருவியே பழுதாயிருந்தால் "மின்சாரம் இல்லை" என்ற அதன் சொல்லை எப்படி நம்புவது?

விளக்குகளை இறக்கியபோதுதான் உண்மை தெரிந்தது. துணி சுற்றிய இறப்பர்க் கம்பி, விளக்குக்கு மேலுள்ள பகுதியில் மட்டும் பிஸ்கட் போல நொறுங்கியது. இழைக் குமிழில் வெளிச்சமாவது சிறுபங்கு, மிகுதியெல்லாம் வெப்பம். அந்த வெப்பம் மேலெழுந்து பல்லாண்டு அந்தக் கம்பியைச் சுட்டிருக்கிறது. கடற்காற்றின் உப்பு இரும்புத் திருகாணிகளைத் தின்றிருந்தது; பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. புவிக்கம்பி எங்குமே இல்லை.

"எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புது லைற் போடுங்கோ" என்றார் அம்மா. அம்மம்மா ஒரு சொல்லும் பேசாமல், கூடத்து விளக்கின் பால்வண்ணக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டார். தாத்தா கொழும்பிலிருந்து வைக்கோலில் பொதிந்து கொண்டுவந்தது அது. அம்மாவின் பேச்சிலும் நியாயம் இருந்தது. பெரியண்ணாவின் முழங்கை அதற்குச் சாட்சி.

முடிவில் மின்சாரம் ஓடும் உறுப்புகள் அனைத்தையும் மாற்றினோம். கண்ணாடியும் பித்தளைச் சங்கிலியும் தங்கின. கண்ணாடியின் பாரம் சங்கிலியில்தான் தொங்க வேண்டும், கம்பியில் அன்று. பித்தளையோடு புவிக்கம்பியைப் பொருத்தி, 30 மில்லியம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் தன்னியக்க ஆளியையும் வைத்தார் அவர். 60 வாற்றுக் குமிழுக்குப் பதில் 9 வாற்று எல்.இ.டி. போட்டோம், கம்பி இனிச் சூடேறாது. பித்தளையை அம்மம்மாவே புளி போட்டு விளக்கினார். புளிப்பு தங்காதபடி கழுவி, ஒருநாள் முழுதும் வெயிலில் உலர்த்திய பிறகே பூட்டினோம். அவசரப்பட்ட தம்பிக்கு வசவு கிடைத்தது.

கூடத்தில் விளக்கு எரிந்த இரவு, அம்மம்மா கதிரையைக் கீழே இழுத்துப் போட்டு நெடுநேரம் இருந்தார்.

கிணற்றடி விளக்கு இன்னும் எஞ்சியிருக்கிறது. அதன் கம்பி வேப்பமரக் கிளைகளை உரசிக்கொண்டு போகிறது. மின் வேலைகாரர் அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டார். நாங்கள் மறுபடி போகும்வரை அம்மம்மா லாந்தரோடுதான் கிணற்றடிக்குப் போய்வருகிறார்.