எஞ்சினைக் கடைசியா வாங்குங்க

விசைப்படகு வச்சிருக்கிறவங்க, படகு ஓட்டுற டிரைவருங்க, கரையில எஞ்சின் வேலை பாக்குற தம்பிங்க, எல்லாருக்குமான பேச்சு இது.

ஏப்ரல் 15 ஆனா கிழக்குக் கடற்கரையில தடைக்காலம். ஜூன் 14 வரைக்கும் 61 நாள். பலகை மாத்துறது, பெயின்ட் அடிக்கிறது, எஞ்சின் இறக்குறது எல்லாம் அந்த 61 நாளுக்குள்ளதான். இந்தச் சமயத்துல என்கிட்ட அதிகமா வர்ற கேள்வி ஒண்ணுதான். "அண்ணே, எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு. புது மரைன் எஞ்சின் வாங்குற அளவுக்குக் கையில காசில்ல. காயலான் கடையில ஒரு லாரி எஞ்சின் சல்லிசா வருது. ஏத்திடலாமா?"

ஏத்தலாம். அதுல தப்பு ஒண்ணும் இல்ல. அசோக் லேலண்ட் மாதிரி கம்பெனிங்க லாரிக்குப் போடுற எஞ்சின் குடும்பத்துலருந்துதான் படகு எஞ்சினும் பண்றாங்க. பிளாக்கும் கிராங்கும் பெரும்பாலும் ஒண்ணுதான். அதைச் சுத்தி இருக்கிற சாமான்தான் வேற. காயலான் கடையில உங்களுக்குக் கிடைக்கிறது அந்தச் சாமான் இல்லாத எஞ்சின். அதனால என் யோசனை இதுதான்: எஞ்சினைக் கடைசியா வாங்குங்க. முதல்ல படகைக் கணக்குப் பாருங்க.

எஞ்சினை இறக்குறதுக்கு முன்னாடி, பழசு ஏன் போச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க. தண்ணி ஓடாம சூடேறிப் போச்சா? ஆயில் பிரஷர் விழுந்து போச்சா? புரொப்பல்லர் பெருசாப் போட்டு வருஷக்கணக்கா கறும்புகை விட்டே ஓடிச்சா? காரணம் படகுல இருந்தா, புதுசா ஏத்துற எஞ்சினையும் அதே காரணம் தின்னுடும். கடல் தண்ணி பைப்புல பாதி அடைப்பு இருந்து பழைய எஞ்சின் செத்திருந்தா, அந்த பைப்பை மாத்தாம எந்த எஞ்சினை வச்சும் பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, பழசைப் பிரிச்சுப் பாத்து ஒரு விலை போடுங்க. பிளாக் வெடிக்காம, கிராங்க் உடையாம இருந்தா, லைனர் பிஸ்டன் மாத்தி, கிராங்கை போரிங் பட்டறையில கிரைண்டிங் குடுத்து ஓட்டுறது பல சமயம் லாபம்.

அது தேறாதுன்னு முடிவான பிறகு கணக்குக்கு வருவோம். லாரியில ஒரு எஞ்சின் முழு பலத்தோட எவ்வளவு நேரம் ஓடும்? மேடு ஏறும்போது, ஓவர்டேக் எடுக்கும்போது, அவ்வளவுதான். சமதளத்துல பாதி பலம்கூட வேணாம். படகுல அப்படி இல்ல. வலையை இழுக்க ஆரம்பிச்சா மணிக்கணக்கா லோடு குறையாது. லோடு லாரி ஒண்ணு இறக்கமே இல்லாம நாள் முழுக்கக் கொல்லிமலை ஏறுற மாதிரி வச்சுக்கோங்க. அதனால லாரியில 110 குதிரைன்னு போட்டிருக்கிற எஞ்சினைப் படகுல 70, 75 குதிரைக்கு மேல நம்பாதீங்க. உங்க படகுக்கு 100 குதிரை வேணும்னா அதைவிடப் பெரிய எஞ்சினை, குறைஞ்ச ஆர்.பி.எம்-ல ஓட்டுங்க.

இப்ப கியர் பாக்ஸ். இங்கதான் நிறைய பேர் பணத்தை விடுறாங்க. உங்க பழைய எஞ்சின் 1500 ஆர்.பி.எம்-ல ஓடிச்சு, கியர் பாக்ஸ் 2-க்கு 1 வீதம்னு வைங்க. புரொப்பல்லர் 750 சுத்து சுத்தியிருக்கும். இப்ப 2400 ஆர்.பி.எம் ஓடுற லாரி எஞ்சினை அதே கியர் பாக்ஸ்ல கட்டுறீங்க. அதே புரொப்பல்லர் இப்ப 1200 சுத்து சுத்தணும். சுத்து ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் மேலதானே கூடுது, பரவாயில்லைன்னு நினைப்பீங்க. புரொப்பல்லர் கணக்கு அப்படிப் போகாது. சுத்து 1.6 மடங்கு ஆனா, தேவைப்படுற குதிரை சக்தி 4 மடங்கைத் தொடும். எந்த எஞ்சினும் அதைத் தராது. 1700, 1800-லயே திணறி நின்னு கறுப்பாப் புகை தள்ளும். எஞ்சின் சரியில்லன்னு வித்தவனைப் போய்த் திட்டுவீங்க. எஞ்சின் மேல தப்பே இருக்காது.

அதே எஞ்சினுக்கு 3-க்கு 1 கியர் பாக்ஸ் போட்டா, 2250-ல ஓட்டும்போது புரொப்பல்லர் பழையபடி 750-தான் சுத்தும். பழைய புரொப்பல்லரே போதும். இதே கணக்கு உங்களுக்கு டீசலையும் மிச்சம் பண்ணும். சுத்துல பத்துல ஒரு பங்கு குறைச்சா, வேண்டிய சக்தி 100-லருந்து 73-க்கு இறங்கிடும். அவசரமில்லாத நேரத்துல ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விடச் சொல்றது அதுக்காகத்தான்.

லாரி கியர் பாக்ஸையே வச்சு ஓட்டலாமான்னு சிலர் கேக்குறீங்க. வேணாம். புரொப்பல்லர் தண்ணியைப் பின்னால தள்ளும்போது, அந்த விசை முழுக்க ஷாஃப்ட் வழியா முன்னால வந்து கியர் பாக்ஸைத்தான் முட்டும். படகை நகத்துறதே அந்த விசைதான். மரைன் கியர் பாக்ஸ்ல அதைத் தாங்கத் தனி த்ரஸ்ட் பேரிங் இருக்கும். லாரி கியர் பாக்ஸுக்கு அப்படி ஒரு வேலையே கிடையாது, அதனால தாங்காது. ரிவர்ஸும் அப்படித்தான். துறைமுகத்துக்குள்ள இன்னொரு படகை இடிக்காம நிறுத்தணும்னா, ஒரே லிவர்ல உடனே ரிவர்ஸ் விழணும். எஞ்சின் சுத்துற திசை, புரொப்பல்லர் வலதா இடதா, கியர் பாக்ஸ் திசையை மாத்துதா, இந்த மூணையும் வாங்குறதுக்கு முன்னாடியே ஒத்துப் பாத்துக்கோங்க.

அடுத்தது தண்ணி. நீங்க ஊத்துற டீசலோட சூட்டுல சுமாரா மூணுல ஒரு பங்குதான் ஷாஃப்ட்டுக்குப் போகுது. ஒரு பங்கு புகையோட போகும். மிச்ச பங்கை எஞ்சினைச் சுத்தி ஓடுற தண்ணிதான் வெளிய எடுக்கணும். லாரிக்கு ரேடியேட்டர், ஃபேன், எதிர்க்காத்து எல்லாம் இருக்கு. படகு எஞ்சின் ரூம்ல காத்து ஏது? சில பேர் குறுக்கு வழியா கடல் தண்ணியை நேரா பிளாக்குக்குள்ள விட்டுடுறாங்க. ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமாரா 35 கிராம் உப்பு. பிளாக்கு சூடேற ஏற, உப்பும் சுண்ணாம்பும் உள்ளேயே படியும். அலுமினிய ஹெட் இருந்தா அரிச்சு ஓட்டை விழும். படிவு விழாம இருக்க எஞ்சினைக் குளிர்ச்சியா ஓட்டினா, லைனர் தேயும், ஆயில்ல டீசல் கலக்கும்.

சரியான வழி ரெண்டு இருக்கு. ஒண்ணு, ஹீட் எக்ஸ்சேஞ்சர். எஞ்சினுக்குள்ள நல்ல தண்ணியும் கூலன்ட்டும் சுத்தும், கடல் தண்ணி குழாய்க்கு அந்தப் பக்கம் ஓடி சூட்டை மட்டும் வாங்கிட்டுப் போகும். இன்னொண்ணு, படகுக்கு வெளிய ஏராவை ஒட்டி பைப் ஓட்டி, எஞ்சின் தண்ணியை அது வழியா சுத்த விடுறது. மணலும் சேறும் கலங்குற இடத்துல தொழில் பண்றவங்களுக்கு ரெண்டாவது வசதி, ஆனா தரை தட்டினா பைப் போகும். எதைப் போட்டாலும், தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி எறியுற பழக்கத்தை விடுங்க. சூடாகுதுன்னா காரணம் வேற எங்கயோ இருக்கு.

கடல் தண்ணி இழுக்குற பம்புல ரப்பர் இம்பெல்லர் இருக்கும். தண்ணி வராம ஓடினா கொஞ்ச நேரத்துலயே அதோட இதழ் கருகிப் பிஞ்சிடும். சொறி மீன் கூட்டமா வர்ற நாள்ல ஒண்ணு பைப் வாயில ஒட்டினாப் போதும். அதனால கடல் வாய்ல வால்வு, அதுக்கு அடுத்து கையால கழட்டிக் கழுவுற மாதிரி வடிகட்டி, படகுல எப்பவும் ஒரு ஸ்பேர் இம்பெல்லர். எக்ஸ்சேஞ்சர்ல ஜிங்க் கட்டை இருக்கும். உப்பு அரிப்பு அதைத் தின்னட்டும்னுதான் வைக்கிறது. கரைஞ்சா மாத்திடுங்க.

புகைக் குழாயை லேசா எடுத்துக்காதீங்க. லோடுல அந்தப் புகை 400 டிகிரியைத் தாண்டும். லாரியில வெளிக்காத்து பட்டு ஆறும். படகுல பக்கத்துலயே மரப்பலகை, ஃபைபர், டீசல் ஹோஸ். தண்ணி சுத்துற மேனிஃபோல்டு போட முடிஞ்சா நல்லது. முடியாட்டி குழாய் முழுக்க சூடு தாங்குற கண்ணாடி இழைக் கயிறு சுத்தி, பலகையிலருந்து தள்ளிக் கொண்டு போங்க. புகையில கடல் தண்ணியைக் கலந்து வெளிய விடுறவங்களுக்கு, தண்ணி சேர்ற இடம் எஞ்சினோட எக்ஸாஸ்ட் வாயை விட நல்லா தாழ்வா இருக்கணும். இல்லன்னா எஞ்சின் நின்னதும் தண்ணி திரும்பி சிலிண்டருக்குள்ள வந்துடும்.

ஆயில் சம்ப்பையும் பாருங்க. ஷாஃப்ட் சரிவுக்குத் தக்க எஞ்சினும் பின்பக்கம் சாஞ்சு உக்காரும். லாரி டிப் ஸ்டிக்ல இருக்கிற கோடு சமதளத்துக்குப் போட்டது, படகுல அது பொய் சொல்லும். எஞ்சினை உக்கார வச்ச பிறகு, கம்பெனி சொன்ன அளவு ஆயிலை அளந்து ஊத்தி, ஆயில் நிக்கிற இடத்துல ரம்பத்தால புதுக்கோடு போட்டுடுங்க. ஆயில் இழுக்குற வாய் சம்ப்புக்கு முன்பக்கம் இருந்தா, சாய்வுல காத்தை இழுக்கும். அப்படிப்பட்ட எஞ்சின் நமக்கு வேணாம்.

இவ்வளவும் கணக்குப் போட்டு விலை கேட்ட பிறகு, இப்பதான் எஞ்சின் தேடப் போறோம்.

பெட்ரோல் கார் எஞ்சின் சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம். படகு அடித்தட்டுல போய்ப் படுத்துக்கும். ஸ்டார்ட்டர்ல ஒரு பொறி போதும். டீசல்லயும், கம்ப்யூட்டர் பெட்டி வச்ச காமன் ரெயில் எஞ்சினைத் தவிருங்க. 2020 ஏப்ரல்லருந்து வந்த பி.எஸ்-6 வண்டி எஞ்சின்ல யூரியா கரைசல், சென்சார்னு அது பாட்டுக்கு இருக்கும். ஒரு வயர் உப்புக் காத்துல பச்சை பூத்தா, கடல் நடுவுல பலத்தைக் குறைச்சுக்கும். நமக்கு வேண்டியது பழைய மாதிரி பம்பும் நாசிலும் வச்ச எஞ்சின், கையால இழுத்தா நிக்கிற ஸ்டாப் லிவரோட. டாட்டாவோட 697 மாதிரி. அந்த நம்பர்லயே விஷயம் இருக்கு: 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். 497-ன்னா 4 சிலிண்டர், அதே போர். இந்த மாதிரி எஞ்சினுக்குப் பக்கத்து டவுன்லயே சாமான் கிடைக்கும், அதுதான் முக்கியம்.

சென்னை புதுப்பேட்டையில வாங்கினாலும் சரி, உள்ளூர்ல வாங்கினாலும் சரி, ஓட விட்டுப் பாக்காம வாங்காதீங்க. போனதும் முதல்ல பிளாக்கைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க. ஆறின பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. ஆயில் மூடியைத் திறங்க. குபுகுபுன்னு புகை வந்தா ரிங், லைனர் போச்சு. மூடிக்கு அடியில வெள்ளையா மோர் மாதிரி இருந்தா ஆயில்ல தண்ணி. ரேடியேட்டர்ல குமிழி விடாம வந்தா ஹெட் கேஸ்கட். சூடான பிறகு ஐட்லிங்ல ஆயில் பிரஷர் பாருங்க. சம்ப்பைக் கழட்டி அடியில உலோகத் தூள் இருக்கான்னு பாருங்க. வெள்ளத்துல மூழ்கின வண்டி எஞ்சினா இருக்கலாம்னு சந்தேகம் வந்தா, வெளிய வந்துடுங்க.

காகிதத்தையும் விடாதீங்க. எஞ்சின் நம்பர் தேய்ச்சிருந்தா தொடாதீங்க. வண்டியோட ஆர்.சி. ரத்தானதுக்கோ, வண்டியை உடைச்சதுக்கோ ஆதாரமும், வித்ததுக்கு ரசீதும் கேட்டு வாங்குங்க. மீன்வளத்துறையில உங்க படகுப் பதிவுல பழைய எஞ்சின் நம்பரும் குதிரை சக்தியும் இருக்கும். மாத்தினா அங்க சொல்லி மாத்தணும். 240 குதிரைக்கு மேல எஞ்சின் போடக் கூடாதுன்னு தமிழ்நாட்டு விதி இருக்கு. இன்சூரன்ஸும் அந்தப் பதிவைத்தான் பாக்கும்.

ஏத்தின பிறகு ஒரு விஷயம். படகு கரையில இருக்கும்போது கப்ளிங்கை நேர் பண்ணி போல்ட்டை முறுக்கிட்டு விட்டுடாதீங்க. தண்ணியில இறங்கினதும் படகு உடம்பு கொஞ்சம் வளையும், மரப்படகு கூடுதலாவே வளையும். இறக்கி ஒரு நாள் ரெண்டு நாள் மிதக்க விட்டுட்டு, ஃபீலர் கேஜ் வச்சு கப்ளிங்கோட நாலு பக்கமும் பாருங்க. 100 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 0.1 மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் இருந்தா திரும்ப நேர் பண்ணுங்க. லாரி ஸ்டார்ட்டர் 24 வோல்ட்டா 12 வோல்ட்டான்னும் பாத்துட்டு பேட்டரி கட்டுங்க.

முதல்ல ஜெட்டியில கட்டி வச்சே கியர் போட்டு ஓட்டுங்க. பிறகு கரை தெரியுற தூரத்துல, இன்னொரு படகு கூட வர, ரெண்டு மணி நேரம் முழு லோடு. முழு ஆக்சிலரேட்டர்ல எஞ்சின் தன் அளவு ஆர்.பி.எம்-ஐத் தொடணும். தொடலன்னா புரொப்பல்லர் பெருசு, பிட்சைக் குறைங்க. சூடு ஏறி ஒரு இடத்துல நிக்கணும், ஏறிக்கிட்டே போகக் கூடாது. அடித்தட்டுல டீசலோ ஆயிலோ தண்ணியோ சொட்டுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

கியர் பாக்ஸ், எக்ஸ்சேஞ்சர், மேனிஃபோல்டு, பம்பு, லேத் வேலை எல்லாம் கூட்டிப் பாத்தா, காயலான் கடை எஞ்சினோட விலையைப் பல சமயம் தாண்டிடும். அந்த மொத்தத்தை வச்சுத்தான், ரீகண்டிஷன் பண்ணின மரைன் எஞ்சின் விலையோட ஒத்துப் பாக்கணும். வித்தியாசம் கொஞ்சம்தான்னா மரைன் எஞ்சினையே வாங்குங்க. வித்தியாசம் பெருசுன்னா தைரியமா லாரி எஞ்சினை ஏத்துங்க. ஆனா ஒண்ணு, முழு லோடு டிரையல் முடியாம ஐஸ் ஏத்தாதீங்க, ஆளையும் ஏத்தாதீங்க.