தின்னாத கோழியை மடியில் எடுத்துப் பாருங்கள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், கோழி வளர்க்கும் எங்கள் குழுவின் சார்பில் பேசியது. அன்று வர இயலாத சகோதரிகள் கேட்டுக்கொண்டதால் எழுதித் தருகிறோம்.)



போன கூட்டத்தில் வரவு செலவு எல்லாம் வாசித்து முடித்து, எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கிற நேரம். பின்வரிசையில் இருந்த ஒரு சகோதரி, "என் கோழி ரெண்டு நாளா இரை எடுக்கல, என்ன செய்யலாம்?" என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்கு ஒரு வைத்தியம். மிளகை முழுங்க வை. பூண்டை அரைச்சு ஊத்து. பேசாம அடிச்சுக் குழம்பு வச்சிரு. ஒரே சிரிப்பு. ஆனால் கேட்டவர் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததால்தான், அடுத்த கூட்டத்தில் நாங்கள் பேசுகிறோம் என்று தலைவி அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

நாங்கள் டாக்டர் இல்லை. பன்னிரண்டு பேர் கொண்ட குழு, அவ்வளவுதான். கோழியில் காசும் பார்த்திருக்கோம், அடியும் பட்டிருக்கோம். முதலில் அடிபட்ட கதையைச் சொல்லிவிடுகிறோம்.

2019 பங்குனி மாதம். எங்களில் ஐந்து பேர் உள்கடன் எடுத்து நாட்டுக்கோழி வாங்கியிருந்தோம். ஒரு வீட்டில் ஒரு கோழி இரை எடுக்காமல், இறகை உப்பிக்கிட்டு மூலையில் நின்றது. வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். மூன்றாம் நாள் நாலு கோழி தலையைத் தொங்கப் போட்டது. அன்றைக்குச் சந்தை. நல்லா நிக்கிறதையாவது வித்துட்டா போட்ட காசு வருமேன்னு எட்டுக் கோழியைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய் விற்றோம். பத்து நாளில் எங்களிடம் மிஞ்சியது நாலே நாலு கோழி. கோழி போன பிறகும் கடனை ஒன்றரை வருஷம் கட்டினோம்.

இதுவரை கூட்டத்தில் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறோம். அன்றைக்கு எங்கள் கோழியை வாங்கிப் போனவர்களில் ஒருவர் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த சகோதரி. ஆறு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் வீட்டுப் பஞ்சாரமும் அதோடு காலி. அவர் எங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. தனியாகப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். ஆனால் தப்பு செஞ்சது நாலு பேர் நடமாடுற சந்தையில. அதனால நாலு பேர் முன்னாடியும் சொல்லணும்ல?

அந்த நோய்க்குத்தான் நாம் வெள்ளைக் கழிச்சல் என்கிறோம். டாக்டர்கள் இராணிக்கெட் நோய் என்பார்கள். இராணிக்கெட் என்பது வடக்கே, இப்போதைய உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கிற ஒரு ஊர். நம் நாட்டில் 1920-களில் அங்கேதான் முதலில் கண்டறிந்தார்களாம், அதனால் அந்த ஊர்ப் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. இரை எடுக்காது, கழியும், வாயைத் திறந்து மூச்சு இழுக்கும், சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், காலும் இறக்கையும் விழுந்துவிடும். வந்த பிறகு அந்தக் கிருமியைக் கொல்ல மருந்து இல்லை. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து அரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். நாங்களும் கொடுத்தோம். கொடுப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள்.

இப்படி அடிபட்ட பிறகு எங்களுக்கு ஒரு பயம் வந்துவிட்டது. எந்தக் கோழி தீனியை விட்டு விலகி நின்றாலும் கழிச்சல்தான் என்று முடிவு கட்டிவிடுவோம். அந்தப் பயமும் தப்புன்னு எங்களுக்குக் காட்டியது ஒரு கறுப்புக் கோழி.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒரு அம்மாச்சி. பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் அவர் ஒற்றை ஆள். கறுப்பி என்று ஒரே ஒரு பெட்டைக்கோழி. அது இடுகிற முட்டை, பொரிக்கிற குஞ்சு, அதிலேதான் அம்மாச்சியின் மாதச் சேமிப்பு. அவர் சோறு உண்ணும்போது வட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கறுப்பி என்று கூப்பிட்டால் தெருக்கோடியில் இருந்து ஓடிவரும். 2023 ஐப்பசி மழையில் கறுப்பி இரை எடுப்பதை நிறுத்தியது. நாங்கள் போய் எட்டிப் பார்த்து, "போறதுக்குள்ள அடிச்சிருங்க அம்மாச்சி"ன்னு சொன்னோம். "நீங்க வேணா ஒங்க வீட்டுக் கோழிய அடிங்கடி, கெளம்புங்க"ன்னு சொல்லிட்டாங்க.

வெட்கமாகப் போய்விட்டது. சாயங்காலம் திரும்பப் போனோம். போனவர்கள் சும்மா இருந்தோமா? பூண்டை நசுக்கித் தண்ணீரில் கலந்து, ஒருத்தர் அலகைத் திறக்க ஒருத்தர் ஊற்றினோம். கறுப்பி கண்ணைச் செருகி, தலையை உதறி, மூச்சுத் திணறிப் போய்விட்டது. பிழைத்தது அதன் ஆயுசு. மறுநாள் கால்நடை மருந்தக டாக்டரம்மா விளக்கினார்கள்: கோழிக்கு நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது, மடக்கென்று ஊற்றினால் மருந்து நேரே நுரையீரலுக்குத்தான் போகும் என்று. நோயில் சாவதைவிட நாம் ஊற்றும் வைத்தியத்தில் சாகும் கோழியும் உண்டு என்று திட்டவும் செய்தார்கள்.

அந்த டாக்டரம்மா செய்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்தோம். மருந்து எதையும் தொடவில்லை. கோழியை வாங்கி, இறக்கையை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு, அலகில் இருந்து வால் வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கொண்டையிலும் தாடியிலும் கடுகு அளவில் கறுத்த பொக்குகள். ஒரு கண் முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று பாதி. அலகைத் திறந்தால் உள்ளே மாவு படிந்த மாதிரி மஞ்சள் திட்டு. நாங்கள் தூரத்தில் நின்று, தின்ன மாட்டேங்குது, தின்ன மாட்டேங்குதுன்னே சொல்லிக்கிட்டு இருந்தோம். அதுக்குக் கண்ணு தெரியல. வாயெல்லாம் புண்ணு. பசியோடுதான் நின்றிருக்கிறது.

அது கோழி அம்மை. மழைக்காலத்தில் கொசுவால் பரவும். மனிதருக்கு வருகிற அம்மை வேறு, இது வேறு. கோழியிடம் இருந்து பிள்ளைகளுக்கு ஒட்டாது. அம்மாச்சி வாசலில் வேப்பிலை செருகியிருந்தார். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், நாலு இலையைக் கொதிக்க வச்சு ஆறவிட்டு அந்தத் தண்ணியிலயே புண்ணைக் கழுவுங்க" என்றார்கள். எங்களுக்கு அது பிடித்திருந்தது.

கவனிப்பு மூன்று வாரம் நடந்தது. கறுப்பியை அட்டைப்பெட்டியில் பழைய சாக்கு விரித்துத் தனியாக, காற்றும் சாரலும் அடிக்காத இடத்தில் வைத்தோம். நோயாளிக் கோழிக்குக் கதகதப்பு முக்கியம். ஆரோக்கியமான கோழியின் உடம்புச் சூடே 41 டிகிரிக்கு மேல், நமக்குக் காய்ச்சல் என்கிற சூட்டை விட அதிகம். அதனால்தான் முடியாத கோழி இறகை உப்பிக்கிட்டு நிற்கிறது, இருக்கிற சூட்டைப் பிடித்து வைக்க. காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் துணியை நனைத்துக் கண்ணில் ஒத்தி ஒத்தி எடுத்து, டாக்டர் கொடுத்த களிம்பைப் போட்டோம். பொக்கில் வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சள் தடவினோம், கண்ணில் படாமல். பொக்கைப் பிய்க்கக் கூடாது, வாயில் இருக்கும் திட்டையும் சுரண்டக் கூடாது, ரத்தம் கொட்டும். தானாக உதிர்ந்த பொக்கைப் பொறுக்கி அடுப்பில் போட்டோம், அதில் கிருமி இருக்கும்.

தீனிக்கு முன்னால் தண்ணீர். ஒரு டம்ளர் தண்ணீருக்கு நெல்லிக்காய் அளவு வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு. அலகின் ஓரத்தில் பில்லரால் ஒரு சொட்டு விட வேண்டும். அது நாக்கை அசைத்து முழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த சொட்டு. பில்லர் இல்லாதவர்கள் பஞ்சை நனைத்து விடலாம். பிறகு குருணைக் கஞ்சி, அவித்த முட்டையின் மஞ்சள் கருவை மசித்து மிளகு மிளகாக உருட்டிய உருண்டை. ஒரு நேரத்துக்கு ஏழெட்டு உருண்டை போதும். அடுத்த வேளைக்கு முன் கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பார்த்து, முன்னே கொடுத்தது இறங்கியிருந்தால் மட்டும் கொடுக்க வேண்டும்.

இத்தனையும் செய்தும் ஏழாம் நாள் வரை தானாக ஒரு மணி கொத்தவில்லை. அம்மாச்சியே ஒரு வேலை செய்தார். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் ஊரும் இடத்தில் ராத்திரி கவிழ்த்து வைத்தார். நம்ம தாய்மார் குஞ்சுக்குச் செய்ததுதான். விடியக்காலம் பானை நிறையக் கரையான். அதைக் கறுப்பி முன்னால் தட்டினார். ஒரு கண் திறந்திருந்தது. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, பார்த்தது, கொத்திவிட்டது. நாங்கள் ஐந்து பெண்கள், வயசானவங்க வேற, கைதட்டினோம். வழியில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ.

கறுப்பி இப்போதும் இருக்கிறது. ஒரு கண் போனது போனதுதான். அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டால் முழுவட்டம் அடித்துத்தான் வரும்.

அதன் பிறகு எங்கள் ஊரில் எந்தக் கோழி தின்னாவிட்டாலும் மடியில் எடுத்துப் பார்க்கிறோம். பார்த்தால் பலதும் தெரிகிறது. ஒருத்தர் வீட்டில் பயந்துபோய்த் தூக்கி வந்தது வெறும் அடைக்கோழி. தொட்டால் சிலிர்த்துக்கொண்டு கொர்கொர் என்றால், ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தால், அது நோய் இல்லை. நாளுக்கு ஒருதரம் எழுந்து தின்றுவிட்டுப் போகும். இன்னொன்றுக்கு விடியற்காலையில் இரைப்பை பந்து மாதிரி கெட்டியாக இருந்தது. ராத்திரி தின்றது விடிவதற்குள் இறங்கிவிட வேண்டும். அது சாக்குப் பிரியை முழுங்கியிருந்தது, டாக்டரிடம் கொண்டுபோனோம். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று யாரும் இறங்காதீர்கள், மறுபடி அந்த மூச்சுக்குழாய்க் கதைதான். முக்கி முக்கி வாலை ஆட்டிக்கொண்டு, நிமிர்ந்து நடந்தால் முட்டை அடைத்திருக்கலாம். வயிறு முங்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் உட்கார வைத்தால் பல நேரம் வந்துவிடும், உள்ளேயே உடைத்துவிடக் கூடாது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி கைக்குத் தட்டுப்பட்டால், அது இரண்டு நாள் பட்டினி இல்லை. வயிற்றில் புழுவா என்று பாருங்கள். இறக்கைக்கு அடியில் பேன், செள்ளு. குஞ்சுகளுக்கு எச்சத்தில் ரத்தம் என்றால் அன்றைக்கே டாக்டர். விதைப்புக் காலத்தில் மருந்து கலந்த விதையைக் கொத்தியிருக்குமா என்றும் யோசியுங்கள்.

ஒரு மருந்துக்கடையில் எங்களுக்கு மனிதர் சாப்பிடும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தார்கள். வாங்கி வந்தோம், பிறகு போடவில்லை. அளவும் தெரியாது, அந்த முட்டையைப் பேரப்பிள்ளை தின்றால் என்ன ஆகும் என்பதும் தெரியாது. டாக்டர் மருந்து கொடுத்தால்கூட எத்தனை நாள் முட்டையைத் தின்னக் கூடாது என்று கேட்டு வாருங்கள்.

பச்சைக் கழிச்சலோடு ஒன்றுக்கு மேல் தின்னாமல் நின்றால், அல்லது திடீரென்று பல கோழி செத்தால், மடியில் எடுக்கிற வேலையே வேண்டாம். கையில் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். செத்ததைக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், வாய்க்காலில் வீசாதீர்கள். மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். அதை நாங்கள் சொல்லும்போது எங்களுக்கே குரல் இறங்குகிறது. சந்தையில் வாங்கி வரும் கோழியையும் இரண்டு வாரம் தனியே வைத்த பிறகு கூட்டத்தில் விடுங்கள்.

கடைசியாகத் தடுப்பூசி. கழிச்சலுக்குக் குஞ்சு ஒரு வாரமாகும்போது கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. அம்மைக்கும் தனி ஊசி உண்டு. நல்லா இருக்கிற கோழிக்குத்தான் போட வேண்டும். நோய் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. மருந்தை ஐஸில் வைத்தே கொண்டுவர வேண்டும், கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஊசி போட ஆள் கிடைக்காத ஊருக்கென்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் குருணை வடிவில் வாய்வழி மருந்தும் உருவாக்கியிருக்கிறது, கேட்டுப் பாருங்கள். சிக்கல் எங்கே என்றால், ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்குப் போடக்கூடியது. நம்மிடம் இருப்பது ஆளுக்கு அஞ்சு, பத்து. ஐந்து கோழிக்காரி தனியாகப் போனால் குப்பியை உடைக்க யோசிப்பார்கள். பத்துக் குழு சேர்ந்து ஒரே காலையில் பஞ்சாரத்தைத் திறக்காமல் வைத்திருந்தால் ஆளே ஊருக்கு வருவார். கால்நடைத் துறை முகாம் வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும்.

அதனால் தை மாதக் கூட்டத்துக்கு வரும்போது, சேமிப்புப் புத்தகத்தோடு உங்கள் குழுவில் யார் வீட்டில் எத்தனைக் கோழி, எத்தனைக் குஞ்சு என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். போன கூட்டத்தில் கேட்ட சகோதரி கூட்டம் முடிந்ததும் இருங்கள். உங்கள் வீடு பக்கம்தானே, இரண்டு பேர் கூட வருகிறோம்.