கோழியின் காலைப் பார்த்தீங்களா?
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



குழுக் கடன் வாங்கிக் கோழி வளர்க்கும் உறுப்பினர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கோழி வாடினால் கொண்டையைப் பார்க்கிறோம், எச்சத்தைப் பார்க்கிறோம். காலைத் தூக்கிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்க பார்க்கலாம். ரொம்பக் குறைச்சல்தான்!

"கோழிக்குப் போயி காலைப் பார்க்கணுமா?" என்று சிரிக்காதீங்க. உள்ளங்காலில் புண் வந்த கோழி நடக்காது. நடக்காத கோழி தீவனத்துக்கும் தண்ணீருக்கும் வராது. எடை குறையும், முட்டை குறையும். நொண்டும் கோழிக்கு வியாபாரி விலையைக் குறைப்பார். ஆனால் கடன் தவணை குறையாது. அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

புண் ஏன் வருகிறது? முதல் காரணம் ஈரத் தரை. எச்சமும் ஈரமும் சேர்ந்தால் அம்மோனியா வாயு உண்டாகும். கொட்டகைக்குள் போனதும் கண் எரிகிறதே, அதுதான். அந்த ஈரமும் எச்சமும் உள்ளங்கால் தோலை அரித்துவிடும். பிராய்லர் கோழி வேகமாக எடை போடும், அதிக நேரம் உட்கார்ந்தே இருக்கும். அதனால் அதற்குக் கால் முட்டியிலும் நெஞ்சுத் தோலிலும்கூடக் காயம் வரும். நாட்டுக்கோழிக்குக் கம்பி, கண்ணாடித் துண்டு, கரடான கட்டை குத்திப் புண்ணாகும். அதில் கிருமி புகுந்தால் பாதம் உருண்டையாக வீங்கிவிடும். வெறும் நொய்யும் தவிடும் மட்டும் போட்டு வளர்த்தால் சத்துக் குறைந்தும் தோல் வெடிக்கும்.

நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. 2015-லும் 2023 டிசம்பர் புயலிலும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் தண்ணீர் தேங்கியதைப் பார்த்தோம். வெள்ளம் வர வேண்டாம், சாரல் அடித்தாலே போதும், கூளம் நனைந்துவிடும்.

எப்படிப் பார்ப்பது?

1. வாரம் ஒரு நாள், பொழுது சாய்ந்து கோழி அடங்கிய பிறகு பாருங்கள். 50 கோழி இருந்தால் 10 கோழி போதும். வாசல் பக்கம் மட்டும் பிடிக்காமல் நாலு மூலையிலிருந்தும் எடுங்கள்.

2. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். இறக்கையோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடியுங்கள்.

3. ஈரத் துணியால் பாதத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒட்டிய எச்சமே புண் மாதிரித் தெரியும்.

4. மதிப்பெண் போடுங்கள். பாதம் வழவழப்பாக இருந்தால் 0. தோல் சொரசொரத்து, சிறிதாகக் கறுத்திருந்தால் 1. ஆழமான புண், பெரிய கறுப்புப் பொருக்கு, வீக்கம் இருந்தால் 2. தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. சுவீடன் நாட்டில் 1994 முதல் பிராய்லர் கோழிகளின் பாதத்தைப் பார்த்து இப்படித்தான் 0, 1, 2 என்று மதிப்பெண் போடுகிறார்கள். பாதம் மோசமாக இருந்தால் பண்ணைக்காரர் கொட்டகையில் விடும் கோழியைக் குறைக்க வேண்டும். ஏனென்றால் பாதத்தில் தெரிவது தரையின் நிலைமை.

1 அதிகமானால் உடனே கூளத்தைக் கவனியுங்கள். ஒரு கைப்பிடி கூளத்தை அழுத்திப் பிடித்துவிட்டுக் கையைத் திறங்க. கொழுக்கட்டை மாதிரி கட்டியாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாக ஒட்டி உதிர்ந்தால் சரி. ஈரமான இடத்தை அள்ளி எடுத்துவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள். தினமும் கிளறிவிடுங்கள். ஒழுகும் தண்ணீர் டப்பாவை மாற்றுங்கள். சாரல் பக்கம் சாக்குப் படுதா கட்டுங்கள், ஆனால் காற்றை முழுக்க அடைக்காதீர்கள். நெருக்கடியாக இருந்தால் கோழி எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

2 வந்த கோழியைத் தனியே காய்ந்த இடத்தில் விட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். 1962 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். வீட்டு பிளேடால் கட்டியைக் கீறாதீர்கள். அந்தச் சீழ்க் கிருமி நம் கைக்காயத்திலும் புகும். கோழியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

எல்லாமே ஈரப்புண் இல்லை. காலில் செதில் தூக்கிக்கொண்டு வெள்ளையாகத் தடித்திருந்தால் அது சிறு உண்ணியின் வேலை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, சமையல் எண்ணெய் தடவி வாருங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், தோல் வெந்துவிடும். கொண்டை, கண்ணைச் சுற்றிக் கொப்புளமும் பொருக்கும் வந்தால் அது அம்மை. கொசு பரப்பும் நோய். 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி போட்டால் தடுக்கலாம். கோழி அம்மை பிள்ளைகளுக்கு ஒட்டாது, பயப்படாதீங்க.

நாம் குழு ஆரம்பித்தபோது முதலில் கற்றது கணக்கு எழுதுவதுதானே? கடனுக்கு எழுதுகிற கையால் கோழியின் காலுக்கும் நாலு வரி எழுதுவோம். அடுத்த கூட்டத்துக்குக் கோழி வளர்ப்பவர்கள் நாலு வாரக் கணக்கோடு வாருங்கள். யார் கொட்டகையில் 0 அதிகமோ, அவர் என்ன செய்தார் என்று மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.