காட்டுக்குள் ஒரு திருவிழா

வண்ணாத்திவில்லுக்கு வடக்கே, எழுவன்குளத்தில் கலா ஓயாவின் சப்பாத்துப் பாலத்தைக் கடந்தால் வில்பத்துக் காடு. அதற்குள்ளே பள்ளக்கண்டல் அந்தோனியார் கோயில். பக்கத்தில் கடை கண்ணி கிடையாது. திருவிழாவுக்குப் போகிறவர்கள் அரிசி, தண்ணீர், தறப்பாள் எல்லாம் கட்டிக்கொண்டுதான் போகவேண்டும்.

அங்கேதான் அக்கம்பக்கம் உருவாகிறது. மூன்று கல் வைத்த அடுப்பு. உப்பை மறந்து வந்தவருக்கு அடுத்த கூடாரத்திலிருந்து ஒரு சிரட்டை உப்பு வரும். எந்தப் பங்கு, எந்த ஊர் என்ற கேள்வி பிறகுதான்.

புத்தளம் களப்புக்கு அந்தப் பக்கம் தலவில அன்னம்மாள் கோயிலைப் பாருங்கள். தமிழரும் சிங்களவரும் சேர்ந்து கும்பிடுகிறார்கள். வேறு மதத்தவரும் நேர்த்தி வைத்து வருகிறார்கள். கடற்கரை மணலில் குடும்பம் குடும்பமாகத் தங்குகிறார்கள். பிரசங்கத்தைவிட, பகிர்ந்து உண்ட சோறுதான் என் மனதில் நிற்கிறது.